காசு கொடுத்தால் ஜனநாயகம் வருமா? லைபீரியா சொல்லும் கணக்கு

காசோலையில் ஒரே ஆள் கையெழுத்துப் போட்டுப் பணம் எடுக்க விடக்கூடாது, இரண்டு பேர் போட வேண்டும். பி.காம். முதல் வருடமே இதைச் சொல்லிக் கொடுத்து விடுவார்கள். தணிக்கைப் பாடத்தில் இது அரிச்சுவடி. ஆனால் இதே விதியை ஒரு முழு நாட்டின் அரசாங்கத்துக்கும் போட்டார்கள், அதிலும் இரண்டாவது கையெழுத்து வெளிநாட்டுக்காரருடையது என்றால் நம்புவீர்களா? 2005இல் மேற்கு ஆப்பிரிக்க நாடான லைபீரியாவில் இது நடந்தது.

ஆட்டம் கண்ட நாடுகளில் ஜனநாயகத்தை வளர்க்கிறோம் என்று பணக்கார நாடுகள் கொட்டுகிற பணத்தைப் பற்றி இரண்டு கட்சிதான் இருக்கிறது. 2021இல் காபூல் விழுந்ததைக் காட்டி, எல்லாம் வீண் செலவு என்கிறது ஒன்று. அந்தப் பணமும் இல்லாவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும் என்கிறது இன்னொன்று. இரண்டு பேருமே மொத்தத் தொகையை வைத்துத்தான் சண்டை போடுகிறார்கள். எந்தத் தலைப்பில் செலவானது, யார் கையில் போனது என்று யாரும் பேரேட்டைப் பிரித்துப் பார்ப்பதில்லை. லைபீரியாவை வைத்து அதைத்தான் கொஞ்சம் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். இந்த நாட்டுக்கு இரண்டு விதமான உதவியும் கிடைத்திருக்கிறது, கெட்ட உதவியும் நல்ல உதவியும். கொடுத்தது பெரும்பாலும் ஒரே ஆள், அமெரிக்கா.

முதலில் கொஞ்சம் பழங்கதை. அமெரிக்காவில் விடுதலை பெற்ற கறுப்பின மக்களை 1820களில் கப்பலேற்றி ஆப்பிரிக்கக் கரையில் குடியேற்றினார்கள். அந்தக் குடியேற்றம்தான் 1847இல் லைபீரியா என்ற சுதந்திர நாடானது. தலைநகரின் பெயர் மன்ரோவியா, அமெரிக்க அதிபர் மன்ரோவின் நினைவாக. சங்கிலியிலிருந்து விடுபட்டு வந்தவர்கள், வந்த இடத்தில் ஏற்கெனவே இருந்த மக்களை ஆள ஆரம்பித்தார்கள் என்பதுதான் இந்த நாட்டின் கசப்பான தொடக்கம். மக்கள்தொகையில் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லாத இந்தக் கூட்டம் ஒரே கட்சியை வைத்துக்கொண்டு 1980 வரைக்கும் ஆட்சி செய்தது.

வெளிநாட்டுக்காரர் இந்த நாட்டுக் கஜானாவில் கை வைப்பதும் புதிதல்ல. கடனில் மூழ்கிய லைபீரியா 1912இல் 17 லட்சம் டாலர் சர்வதேசக் கடன் வாங்கியது. ஈடாக, துறைமுகச் சுங்க வசூலை வெளிநாட்டு அதிகாரிகள் கையில் எடுத்துக்கொண்டார்கள். 1926இல் ஃபயர்ஸ்டோன் டயர் கம்பெனி வந்தது. பத்து லட்சம் ஏக்கர் வரை ரப்பர் தோட்டம் போட 99 வருடக் குத்தகை, ஏக்கருக்கு வருட வாடகை 6 சென்ட்! கூடவே 50 லட்சம் டாலர் கடனும் வந்தது. அந்தக் கடன் இருக்கிறவரை அமெரிக்க நிதி ஆலோசகரின் சம்மதம் இல்லாமல் பட்ஜெட் போட முடியாது. கணக்கைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தார்கள், உண்மைதான். ஆனால் அந்த ஆள் யாருக்காகப் பார்த்தார்? கடன் கொடுத்தவருக்காக. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், 2005க்கு வரும்போது தேவைப்படும்.

1980 ஏப்ரலில் சாமுவேல் டோ என்ற மாஸ்டர் சார்ஜெண்ட் ஆட்சியைக் கவிழ்த்தார். அதிபர் டால்பர்ட் கொல்லப்பட்டார். பத்து நாள் கழித்து 13 பெரிய அதிகாரிகளைக் கடற்கரையில் கம்பத்தில் கட்டிச் சுட்டார்கள். இப்படி வந்த ஆளுக்கு அமெரிக்கா கொடுத்தது ஏறத்தாழ 50 கோடி டாலர். பனிப்போர்க் காலம் இல்லையா? வானொலி ஒலிபரப்பு நிலையம், கப்பல்களுக்கு வழிகாட்டும் ஒமேகா நிலையம், விமானம் இறக்கிக்கொள்ள ராபர்ட்ஸ்ஃபீல்ட் விமான நிலையம் எல்லாமே லைபீரியாவில் இருந்தன. 1982இல் டோ வெள்ளை மாளிகைக்குப் போனபோது ரீகன் அவரை 'சேர்மன் மோ' என்று தப்பாக அழைத்துவிட்டார். பெயர் தெரியாவிட்டாலும் காசோலை மட்டும் சரியாகப் போய்ச் சேர்ந்தது!

வாங்கிய காசுக்கு டோ ஒரு தேர்தல் நடத்திக் காட்ட வேண்டியிருந்தது. 1985 அக்டோபரில் நடத்தினார். தோற்கப் போகிறோம் என்று தெரிந்ததும், ஓட்டுகளை எண்ணத் தனக்கு வேண்டிய ஐம்பது பேர் கொண்ட குழுவைப் போட்டார். 50.9 சதவீதத்தில் வெற்றி என்று அறிவிப்பு வந்தது. அமெரிக்க வெளியுறவுத்துறையின் ஆப்பிரிக்கப் பொறுப்பாளர் செஸ்டர் க்ரோக்கர் இதற்குச் சொன்ன சமாதானம் அபாரம். மற்ற ஆப்பிரிக்கத் தலைவர்கள் 95 சதவீதம், 100 சதவீதம் என்று சொல்லிக்கொள்ளும்போது இவர் 51தானே சொல்கிறார், இது நல்ல அறிகுறி என்கிற ரீதியில் பேசினார். திருடியவன் கொஞ்சமாகத்தானே திருடினான் என்று பாராட்டுகிற மாதிரி. எனக்குத் தெரிந்து, கொடுக்கிறவர் 'ஜனநாயகம்' என்ற வார்த்தையைச் செல்லாக்காசு ஆக்கியதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஓட்டுப்பெட்டியால் ஆளை மாற்ற முடியாது என்பது நாட்டுக்கே புரிந்துவிட்டது. அடுத்த மாதமே ஒரு ராணுவப் புரட்சி முயற்சி நடந்து தோற்றது, பழிவாங்கல் கொலைகள் நடந்தன. 1989 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் சார்லஸ் டெய்லர் தன் படையோடு எல்லை தாண்டி உள்ளே வந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை விரிவாக எழுத மனசில்லை. சிறு பையன்கள் துப்பாக்கி தூக்கினார்கள். இரண்டு போர்கள், நடுவில் 1997இல் ஒரு தேர்தல். அந்தத் தேர்தலுக்கும் வெளிநாட்டு உதவி வந்தது, பார்வையாளர்கள் வந்தார்கள், ஓட்டுப்பதிவும் ஒழுங்காகவே நடந்தது. டெய்லருக்கு 75 சதவீதம்! இவர் தோற்றால் மறுபடி போருக்குப் போய்விடுவார் என்று பயந்துதான் பலர் போட்டார்கள். துப்பாக்கி ஒருவரிடம் இருக்கும்போது ஓட்டுச்சீட்டு எவ்வளவு நேர்த்தியாக அச்சடித்திருந்தாலும் என்ன பயன்? இரண்டே வருடத்தில் மறுபடி போர். 2003 ஆகஸ்டில் டெய்லர் பதவி விலகி நாட்டை விட்டுப் போனபோது, பதினான்கு வருடத்தில் இறந்தவர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

அந்தப் போரை நிறுத்தியதில் லெய்மா போவி தலைமையில் வெள்ளை உடை உடுத்தி மீன் சந்தைப் பக்கம் வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்த பெண்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அக்ராவில் பேச்சுவார்த்தை இழுத்தடித்தபோது, மண்டபத்து வாசலை மறித்து உட்கார்ந்து, ஒப்பந்தம் போடாமல் யாரும் வெளியே போகக்கூடாது என்று நின்றவர்கள் இவர்கள்தான். எந்த உதவித் திட்டத்தின் வரவு செலவிலும் வராத ஆட்கள்.

சரி, நல்ல உதவிக்கு வருவோம். ஐ.நா. 15,000 வீரர்கள் வரை கொண்ட அமைதிப்படையை அனுப்பியது. ஆயுதத்தை ஒப்படைத்துவிட்டுப் பயிற்சிக்கு வந்தால் ஆளுக்கு 300 டாலர் என்றார்கள். சுமார் 38,000 பேர் வருவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். வந்து பெயர் பதிந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல், கிடைத்த துப்பாக்கிகளோ ஏறத்தாழ 28,000தான்! நம் ஊரில் நிவாரணம் என்று அறிவித்தால் வரிசை எப்படி நீளுமோ அப்படி. ஏமாந்துவிட்டார்கள் என்று சிரிக்கலாம். ஆனாலும் டெய்லர் காலத்தோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் ஒன்று இருக்கிறது. 2005 தேர்தலுக்கு முன்னாலேயே துப்பாக்கிகள் வெளியே போய்விட்டன. இந்த வரிசைமுறைதான் முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது.

2005 அக்டோபரில் முதல் சுற்றில் கால்பந்து நட்சத்திரம் ஜார்ஜ் வியாவுக்கு 28 சதவீதம், உலக வங்கியிலும் ஐ.நா.விலும் வேலை பார்த்த பொருளாதார நிபுணர் எலன் ஜான்சன் சர்லீஃபுக்கு 20 சதவீதம். நவம்பரில் நடந்த இரண்டாம் சுற்றில் சர்லீஃப் 59 சதவீதம் பெற்றார். ஆப்பிரிக்காவில் தேர்தலில் வென்று நாட்டுத் தலைவரான முதல் பெண்மணி. வியா மோசடி என்று புகார் சொன்னார், ஆதரவாளர்கள் தெருவில் இறங்கினார்கள், கடைசியில் அவரே புகாரைக் கைவிட்டார். பதிவான வாக்காளர்களில் பாதிப்பேர் பெண்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

இந்தத் தேர்தலுக்கு ஒரு மாதம் முன்னால்தான் அந்தக் கையெழுத்து ஒப்பந்தம். போர் முடிந்து வந்த இடைக்கால அரசு, கட்சிகளும் ஆயுதக் குழுக்களும் பங்கு போட்டுக்கொண்ட அரசு. ஆளுக்கொரு துறை, ஆளுக்கொரு பொதுத்துறை நிறுவனம். ஐரோப்பிய ஒன்றியம் தணிக்கை செய்து பார்த்தபோது பணம் ஓட்டைப் பாத்திரத்தில் தண்ணீர் மாதிரிப் போய்க்கொண்டிருந்தது. உதவி கொடுத்தவர்கள் கூடிப்பேசி ஒரு திட்டம் போட்டார்கள். அரசாட்சி மற்றும் பொருளாதார மேலாண்மை உதவித் திட்டம், சுருக்கமாக ஜெமாப். மத்திய வங்கி, நிதி அமைச்சகம், துறைமுகம், விமான நிலையம், பெட்ரோலிய நிறுவனம், வனத்துறை என்று காசு புரளும் இடங்களில் எல்லாம் வெளிநாட்டு நிபுணர்களை அமர்த்தினார்கள். முக்கியமான இடங்களில் அவர்கள் கையெழுத்தும் இருந்தால்தான் பணம் வெளியே போகும். ஒப்புக்கொள்ளாவிட்டால் உதவி நிற்கும், தடைகள் நீடிக்கும்.

இறையாண்மை போச்சு என்று கூச்சல் எழுந்தது. நியாயமான கூச்சல்தான். 1912, 1926 எல்லாம் ஞாபகம் இருக்கிற நாடு அது. ஆனால் இந்த முறை வசூலான காசு கடன்காரர் பைக்குப் போகவில்லை, அந்த நாட்டுக் கஜானாவுக்கே போனது. அந்த ஒரு வித்தியாசத்துக்காகவே நான் இதை ஆதரிப்பேன். பலனும் தெரிந்தது. 2005-06இல் மொத்த அரசு வருவாயே சுமார் 8 கோடி டாலர்தான். சில வருடங்களில் அது இரண்டு மடங்கைத் தாண்டியது. மரத்துக்கும் வைரத்துக்கும் ஐ.நா. போட்டிருந்த ஏற்றுமதித் தடைகள் 2006, 2007இல் விலகின. 2010 ஜூனில் 460 கோடி டாலர் கடனைத் தள்ளுபடி செய்தார்கள். அதோடு ஜெமாப் வேலையும் முடிந்து, நிபுணர்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

இந்தக் காலத்தில் நம் நாட்டிலிருந்தும் ஒரு உதவி போனது. 2007 ஜனவரியில் சி.ஆர்.பி.எஃப். பெண்கள் மட்டுமே கொண்ட காவல் பிரிவு மன்ரோவியாவில் இறங்கியது. ஐ.நா. வரலாற்றில் அப்படி ஒரு பிரிவு அதுதான் முதல். அதிபர் அலுவலகத்துக்குக் காவல், இரவு ரோந்து என்று 2016 வரை இருந்தார்கள். லைபீரியக் காவல்துறையில் பெண்களின் பங்கு 6 சதவீதத்திலிருந்து 17 சதவீதம் ஆனதில் இவர்களுக்கும் பங்கு உண்டு என்று ஐ.நா. சொல்கிறது. நம் பத்திரிகைகளில் இன்னும் பெரிதாக எழுதியிருக்க வேண்டிய விஷயம்.

இனிமேல்தான் சங்கடமான பகுதி. கணக்குப் பார்க்கிற பழக்கம் நிலைத்ததா?

ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதி உதவியோடு 2007இல் ஜான் மோர்லு தலைமைத் தணிக்கையாளராக வந்தார். வந்த வேகத்தில், இந்த அரசு முந்தைய அரசைவிட மூன்று மடங்கு ஊழல் என்று சொல்லிப் புயல் கிளப்பினார். (எந்தப் புள்ளிவிவரத்தை வைத்து மூன்று மடங்கு என்று கேட்காதீர்கள்; ஒரு தணிக்கையாளர் அப்படிப் பேசக்கூடாது என்றுதான் எனக்கும் தோன்றுகிறது.) ஆனால் துறை துறையாக அறிக்கைகள் எழுதினார். அறிக்கைகள் வந்தன, வழக்குகள் அதிகம் வரவில்லை. 2011இல் அவருக்குப் பதவி நீட்டிப்பும் வரவில்லை. சர்லீஃபின் ஒரு மகன் அரசு எண்ணெய் நிறுவனத்தின் தலைவர், இன்னொரு மகன் மத்திய வங்கியின் துணை ஆளுநர். அவரோடு சேர்ந்து 2011இல் நோபல் பரிசு வாங்கிய லெய்மா போவியே இதை எல்லாம் விமர்சித்து, அடுத்த வருடம் தான் வகித்த நல்லிணக்கக் குழுப் பொறுப்பிலிருந்து விலகினார்.

பிறகு 2014இல் எபோலா வந்தது. நாற்பது லட்சம் பேருக்கு விரல் விட்டு எண்ணக்கூடிய டாக்டர்கள் இருந்த நாடு. பத்து வருடமாக வந்த சுகாதார உதவியில் பெரும்பகுதி அரசு ஆஸ்பத்திரிகளைச் சுற்றிக்கொண்டு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்கள் வழியாகவே ஓடியிருந்தது. அதைவிடப் பெரிய பிரச்சினை நம்பிக்கை. நோயே பொய், உதவிப் பணம் சுருட்ட அரசு கட்டிய கதை என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். ஆகஸ்டில் வெஸ்ட் பாயிண்ட் குடிசைப்பகுதியை முள்வேலி போட்டு அடைத்தார்கள். கூட்டத்தின்மேல் ராணுவம் சுட்டதில் ஒரு சிறுவன் இறந்தான். அமெரிக்க ராணுவம் வந்து 11 சிகிச்சை மையங்கள் கட்டியது. அவை தயாராவதற்குள் நோய் இறங்குமுகம் ஆகிவிட்டது, அந்தப் பதினொன்றிலும் சேர்த்துச் சிகிச்சை பெற்ற எபோலா நோயாளிகள் 28 பேர்தான்! ஒன்பது மையங்களுக்கு ஒருவர்கூட வரவில்லை. நோயைக் குறைத்ததில் பெரும் பங்கு, வீடு வீடாகப் போய்ப் பேசிய உள்ளூர்த் தலைவர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும்தான். இறந்தவர்கள் 4,800க்கும் மேல்.

அதே 2014 டிசம்பரில், தள்ளிவைக்கப்பட்ட செனட் தேர்தல் நடந்தது. தலைநகர்ப் பகுதியில் வியாவை எதிர்த்து நின்றது அதிபரின் மகன் ராபர்ட் சர்லீஃப். அம்மா அதிபர், நாட்டில் கொள்ளை நோய், எதை வேண்டுமானாலும் செய்திருக்கலாம். வியாவுக்கு 78 சதவீதம் கிடைத்தது, மகன் மண்ணைக் கவ்வினார். கஜானாவில் ஓட்டை இருந்த அதே நாட்டில் ஓட்டுப்பெட்டியில் ஓட்டை விழவில்லை. இது எனக்கு ரொம்ப ஆச்சரியமான இடம்.

2017இல் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. முதல் சுற்றில் முறைகேடு என்று மூன்றாம் இடம் வந்த கட்சி வழக்குப் போட்டது. உச்ச நீதிமன்றம் இரண்டாம் சுற்றையே நிறுத்திவைத்தது. டிசம்பர் 7ஆம் தேதி, ஆதாரம் போதாது என்று தீர்ப்பு. கட்சியும் ஏற்றுக்கொண்டது. தேர்தல் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் நடந்து, வியா 61 சதவீதத்தில் வென்றார். 1944க்குப் பிறகு தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர் இன்னொருவரிடம் அமைதியாக ஆட்சியை ஒப்படைத்தது அப்போதுதான். 2018 மார்ச்சில் ஐ.நா. படையும் கிளம்பியது.

ஆப்கானிஸ்தானை இங்கே பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கேயும் தேர்தலுக்கு வெளிநாட்டுப் பணம்தான். 2004 அதிபர் தேர்தலில் 80 லட்சம் பேர் ஓட்டுப் போட்டார்கள், 2019இல் 20 லட்சத்துக்கும் குறைவு. 2014இல் தகராறு வந்தபோது அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜான் கெர்ரி விமானம் ஏறிப் போய் இரண்டு வேட்பாளருக்கும் பதவியைப் பங்கு பிரித்துக் கொடுத்தார். 2020 மார்ச்சில் இரண்டு பேர் ஒரே நாளில் தனித்தனியாக அதிபராகப் பதவி ஏற்றார்கள்! போர் நடந்துகொண்டே இருந்ததும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் பஞ்சாயத்து எங்கே போனது என்பதைக் கவனியுங்கள். லைபீரியாவில் தோற்றவர் சொந்த நாட்டு நீதிமன்றத்துக்குப் போனார். காபூலில் வாஷிங்டனிலிருந்து வருகிறவருக்காகக் காத்திருந்தார்கள்.

என் பார்வையில் லைபீரியாவுக்குள்ளேயும் இதே வித்தியாசம்தான். தேர்தலை நடத்துவதும் எண்ணுவதும் தீர்ப்புச் சொல்வதும் 2005இலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அவர்கள் கைக்கு மாறின. கணக்கில் அப்படி நடக்கவில்லை. இரண்டாவது கையெழுத்து போட்டவர் வெளிநாட்டவர், அவர் விமானம் ஏறியதும் பேனாவும் போய்விட்டது. அதே இடத்தில் உட்கார, மிரட்டலுக்கும் பதவி நீக்கத்துக்கும் பயப்படாத ஓர் உள்ளூர் ஆளை உருவாக்க ஐந்து வருடம் போதவில்லை.

வியா ஆட்சிக் காலத்தைப் பார்த்தால் இது புரியும். 2018இல் அச்சடித்த ரூபாய் நோட்டு... மன்னிக்கவும், லைபீரிய டாலர் நோட்டுகள் கண்டெய்னரோடு காணாமல் போயின என்று நாடே பற்றி எரிந்தது. அமெரிக்க உதவி அமைப்பான யு.எஸ்.எய்ட் பணம் கொடுத்து க்ரோல் என்ற நிறுவனத்தை விசாரிக்கச் சொன்னது. கண்டெய்னர் காணாமல் போகவில்லை, ஆனால் அனுமதித்ததற்கு மேல் மத்திய வங்கி நோட்டு அடித்திருக்கிறது, கணக்குகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று 2019இல் அறிக்கை வந்தது. 2020 அக்டோபரில் அரசுத் தணிக்கை, வரி அலுவலகங்களில் வேலை பார்த்த நான்கு பேர் சில நாட்களுக்குள் அடுத்தடுத்து இறந்தார்கள். சதி எதுவும் இல்லை என்றது அரசு தரப்பு, ஜனங்கள் நம்பாமல் ஊர்வலம் போனார்கள். தணிக்கைத் தாளைப் பரீட்சைக்காக மட்டும் படித்துவிட்டுப் போகிற எங்களுக்கு, இது உயிர் பயத்தோடு பார்க்க வேண்டிய வேலையாகவும் இருக்கலாம் என்று யாரும் சொன்னதில்லை.

2022 ஆகஸ்டில் அமெரிக்க நிதித்துறை லைபீரிய அதிகாரிகள் மூன்று பேர் மேல் தடை விதித்தது. அதில் ஒருவர் தேசியத் துறைமுக ஆணையத்தின் நிர்வாக இயக்குநர். துறைமுகப் பணம் 15 லட்சம் டாலரைத் தனியார் கணக்குக்குத் திருப்பினார் என்பது குற்றச்சாட்டு. ஜெமாப் நிபுணர் உட்கார்ந்திருந்த அதே துறைமுகம்!

ஆனால் ஓட்டுப்பெட்டி? 2023 நவம்பர் 14ஆம் தேதி, ஐ.நா. படை இல்லாமல் நடந்த முதல் அதிபர் தேர்தலின் இரண்டாம் சுற்று. பதவியில் இருந்த வியாவுக்கு 49.36 சதவீதம், ஜோசப் போகாய்க்கு 50.64. வித்தியாசம் இருபதாயிரம் ஓட்டு சொச்சம். படை கையில் இருக்கிறது, எண்ணிக்கையை நிறுத்தச் சொல்லலாம், வழக்குப் போடலாம். 1985இல் டோ இருந்த அதே நாற்காலி, ஏறத்தாழ அதே 51 சதவீதம். எண்ணி முடிக்கும் முன்பே வியா வானொலியில் பேசித் தோல்வியை ஒப்புக்கொண்டார், எதிராளிக்குப் போன் போட்டு வாழ்த்தும் சொன்னார்.

2025இல் அமெரிக்கா யு.எஸ்.எய்டையே இழுத்து மூடிவிட்டது. தேசிய வருமானத்தில் பங்காகப் பார்த்தால் அமெரிக்க உதவியை உலகிலேயே அதிகம் நம்பியிருந்த நாடு லைபீரியாதான், சுமார் 2.6 சதவீதம். முதல் அடி மருந்துக்கும் கிராமத்து ஆஸ்பத்திரிகளுக்கும் விழுந்தது. ஜெமாப் மாதிரி இன்னொரு திட்டம் இனி வெளியிலிருந்து வரப்போவதாகத் தெரியவில்லை. அதே வருடம் பிப்ரவரியில் அதிபர் போகாய், சொத்துக் கணக்கைத் தாக்கல் செய்யாத 450க்கும் மேற்பட்ட அதிகாரிகளை ஒரு மாதம் சம்பளமில்லாமல் இடைநீக்கம் செய்தார். இந்த முறை உத்தரவில் இருந்தது ஒரே கையெழுத்து, அதுவும் உள்ளூர்க் கையெழுத்து.